பீம் கூலிக்காரர்களும் எங்கள் அடுக்ககமும்

கேள்வி: 'குடிமைச் சமூகம்' என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். தொண்டு நிறுவனங்களுக்குத்தானே இந்தப் பெரிய பெயர்? படித்தவர்கள் பெருகினால் அது தானாக வளர்ந்துவிடாதா?
(வாசகர் ஒருவர், கும்பகோணம்)

பதில்: தொண்டு நிறுவனமும் அதில் சேர்த்திதான். தொழிற்சங்கம், நுகர்வோர் மன்றம், ஏரிப் பாசன விவசாயிகள் சங்கம், தெருமுனை வாசகசாலை எல்லாமும் சேர்த்தி. அரசாங்கம் அமைக்காமல், லாபம் பார்க்காமல், மக்கள் தாங்களாகக் கூடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதிச் சங்கமா? பதிவு என்னவோ அதே 1975 சங்கங்கள் பதிவுச் சட்டத்தில்தான். பிறந்தால் மட்டுமே உள்ளே போக முடிகிற இடத்தை இந்தக் கணக்கில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. சண்டைக்கு வருபவர்கள் அடுத்த இதழுக்கு எழுதலாம்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் உறுத்துகிறது. எங்கள் அடுக்ககத்தில் பட்டதாரி இல்லாத வீடு கிடையாது. பொதுக்குழுவுக்குக் கோரம், அதாவது கூட்டம் நடத்தக் குறைந்தபட்சம் வேண்டிய ஆள், சேர்ந்ததும் கிடையாது.

ராஜஸ்தானில் பீம் என்று ஓர் ஊர். 1990 மே 1 அன்று அங்கே மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு தொடங்கியது. ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுவிட்டு வந்த அருணா ராய், சென்னையில் பிறந்தவர், அதில் ஒருவர். மற்றபடி கூலிக்காரர்கள், சிறு விவசாயிகள், பலருக்கு எழுத்தே தெரியாது. அரசு நிவாரண வேலையில் குறைந்தபட்சக் கூலி கைக்கு வரவில்லை. ஏன் என்று கேட்டால், பதிவேட்டில் வேலை குறைவாக இருக்கிறது என்றார்கள். சரி, பதிவேட்டைக் காட்டுங்கள் என்றால், அது ரகசியம் என்றார்கள். எப்படியோ சில தாள்கள் கிடைத்தன. 1994 டிசம்பரில் கோட்கிரானா கிராமத்தில் ஊரைக் கூட்டி மஸ்டர் ரோலை, அதாவது வேலைக்கு வந்தவர் பெயரும் கூலியும் எழுதிய பதிவேட்டை, சத்தமாக வாசித்தார்கள். வேலைக்கே போகாதவர்கள் பெயரெல்லாம் அதில் கூலி வாங்கியிருந்தது!

பஞ்சாயத்து ஆவணங்களுக்கு நகல் தருவோம் என்று 1995-இல் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆண்டு ஒன்று ஓடியது, நகல் வரவில்லை. 1996 ஏப்ரலில் பியாவர் நகரத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்கள், 40 நாள். கேட்டது இவ்வளவுதான்: ஜெராக்ஸ். கிராமங்களிலிருந்து தானியம் வந்தது, ஊர்க்காரர்கள் காய்கறி கொடுத்தார்கள். நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது இந்தத் தானியத்தைத்தான். சொந்தச் சோற்றில் உட்கார்ந்தவர்களை எழுப்புவது கஷ்டம். வெளிநாட்டு நிதியை ஓர் அமைப்பு இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது என்று 2020-இல் சட்டத்தைத் திருத்தினார்களே, பெரிய அமைப்பிடம் வாங்கி நடத்திய சின்ன அமைப்புகள் என்ன பாடுபட்டன? நிதி வாங்கியது தப்பு என்று சொல்லவில்லை. உறுப்பினர் சந்தா பத்து ரூபாயாவது இருந்திருக்க வேண்டும்.

சந்தா மட்டும் போதாது என்பதும் உண்மை. சங்கம் சேரும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு தராமல் இருந்தால் அந்த 40 நாள் நான்கு நாள்கூடத் தாங்கியிருக்காது. அப்புறம், உட்கார்ந்தவர்களுக்குக் கேட்டுப் பெற ஒரு தாள் இருந்தது. வெறும் கோபத்தோடு போயிருந்தால் மனு வாங்கிக்கொண்டு அனுப்பியிருப்பார்கள். தமிழ்நாடு 1997-இலேயே தகவல் உரிமைச் சட்டம் போட்டது, நாட்டில் முதல் மாநிலம் நாம்தான். ஆனால் அதில் விதிவிலக்குகளே அதிகம். நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது 2005-இல்.

அந்தச் சட்டத்தில் 2023-இல் கைவைத்தார்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக வந்த திருத்தம் அது. தனிப்பட்ட தகவலைக்கூடப் பொதுநலன் கருதித் தரலாம் என்று, அத்தகைய தகவலை மறுக்க வழிதரும் 8(1)(ஜே) பிரிவிலேயே இருந்த வாசகம் போய்விட்டது. விலக்கு பெற்ற தகவலையும் பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்கிற 8(2) பிரிவு இன்னும் மிச்சமிருக்கிறது, ஆனால் முதலில் 'முடியாது' என்று எழுதி அனுப்ப அதிகாரிக்கு வழி சுலபமாகிவிட்டது. கோட்கிரானாவில் அன்று வாசித்தது பெயர்களைத்தான். பெயரும் தனிப்பட்ட தகவல்தானே?