தோப்பில் சிரித்தது தப்பா?

ஐயா, வணக்கம்.
எனக்கு 44 வயது. காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு. இரண்டு கிட்னியும் போய், வாரம் மூன்று டயாலிசிஸ். போன வாரம் பெங்களூரா மாங்காய் இறக்கும்போது, கூழ் ஆலைக்காரர்கள் சொன்ன விலையைக் கேலி பண்ணி ஆட்களோடு சிரித்துக்கொண்டிருந்தேன். “இந்த நோவுலயும் இவனுக்குச் சிரிப்பு வருது பாரு” என்றார் அண்ணி. அன்றிலிருந்து உறுத்தல். என் சந்தோஷம் நிஜமா, பயத்தை மறைக்கிற வேஷமா?
ம.

அன்புள்ள ம.,

பயம் இருப்பதால் சிரிப்பு பொய்யாகிவிடாது. அண்ணியைக் கோபிக்க வேண்டாம், அவருக்கும் பயம்தான். ஆனால் நோயாளி வாடிக் கிடந்தால்தான் நம் ஊரில் பார்க்க வருகிறவர்களுக்குத் திருப்தி. டயாலிசிஸ் முடிந்து துவண்டு படுத்தால் அவர்களே “தைரியமா இருக்கணும்ப்பா” என்பார்கள். அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள். எந்நேரமும் தெம்பாக இருந்து காட்டுவதாக நீங்கள் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

தோப்பில் ஆட்கள் உங்களிடம் கேட்டது எந்த மரத்தில் ஏறுவது என்று. ரத்தத்தில் கிரியாட்டினின் என்கிற கழிவு எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. அங்கே நீங்கள் தோப்புக்காரர். சிரிப்பு அங்கிருந்து வந்தது என்றுதான் நினைக்கிறேன். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம் என்றால் வாரத்தில் 12 மணி நேரம் மெஷினுக்குப் போகிறது. போக வர, அசந்து கிடக்க இன்னும் கொஞ்சம். மிச்சத்தையும் நோய்க்கு எழுதி வைக்காதீர்கள்.

சந்தோஷத்தால் பொட்டாசியம் இறங்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். மாம்பழத்தில் அது நிறைய. கிட்னி வெளியேற்றாமல் ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் சொல்லும் அளவுதான் உங்கள் அளவு. தோப்புக்காரருக்கு இது கொடுமை, ஆறுதல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்த ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்த இடம், உள்ள கையில் கூடை தூக்காதீர்கள்.

இன்னொன்று. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வயிற்றில் குழாய் வழியாகத் திரவம் விட்டு வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸுக்கான பைகளை அந்தத் திட்டத்தில் தருகிறார்கள். ஒரு நாளைக்குப் பல முறை மாற்ற வேண்டும். சுத்தம் தவறினால் வயிற்றில் கிருமி தொற்றும். எல்லா உடம்புக்கும் ஒத்துவராது. உங்களுக்கு ஆகுமா என்று அடுத்த முறை டாக்டரிடம் கேளுங்கள். ஆகும் என்றால், காய் இறக்கும் மாதங்களில் வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டியிருக்காது.