பயப்படுகிற நாளில்

ஐயா,

உங்கள் எழுத்தைச் சில வருடங்களாக வாசித்துவருகிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஆறு மாதத்துக்கு முன் என் கணவருக்கு மாரடைப்பு வந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார், வேலைக்கும் போகிறார். நான்தான் நன்றாக இல்லை. தினமும் ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. உடனே அவர் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்ப்பேன். மூச்சு படும். ஆனாலும் கையை எடுக்க மனசு வராது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். அப்புறம் விடியும்வரை தூக்கமில்லை.

ஜெபக்குழுவில் சொன்னேன். "உங்களுக்குள் பயத்தின் ஆவி இருக்கிறது" என்று தலையில் கை வைத்துக் கடிந்து ஜெபித்தார்கள். வேதத்தில் "பயப்படாதே" என்று 365 தடவை இருக்கிறது, நாளுக்கு ஒன்று, அதற்கப்புறமும் பயப்பட்டால் அது அவிசுவாசம் என்றார் ஒரு அக்கா. அடுத்த வாரம் "பயம் போய்விட்டதா?" என்று கேட்டார்கள். எல்லோர் முன்னாலும் "போய்விட்டது, ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டேன். இப்போது பயத்தோடு பொய்யும் சேர்ந்துகொண்டது. விசுவாசம் இருந்தால் பயம் போக வேண்டும் அல்லவா? என்னிடம் இருப்பது விசுவாசமே இல்லையா?

என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த 365-ஐ முடித்துவிடுவோம். நானும் சிறு வயதிலிருந்து கேட்டுவந்த கணக்குதான். ஒரு விடுமுறையில், வேதத்தில் எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் ஒத்துவாக்கியத்தை எடுத்துவைத்துக்கொண்டு எண்ண உட்கார்ந்தேன். "பயப்படாதே", "பயப்படாதேயுங்கள்" என்று வருகிற இடங்களை மட்டும் எண்ணினால் அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. யாரோ நல்ல எண்ணத்தோடு சொல்லி, எல்லோரும் எண்ணாமலே திருப்பிச் சொல்லிவருகிறோம்.

எண்ணிக்கை போகட்டும். அந்த வார்த்தை யாரிடம் சொல்லப்படுகிறது என்று பாருங்கள். சகரியாவிடம், மரியாளிடம், ராத்திரியில் மந்தையைக் காத்துக்கொண்டிருந்த மேய்ப்பர்களிடம். எல்லோரும் அந்த நிமிஷத்தில் கலங்கிப்போய் நின்றவர்கள். இருட்டில் வீறிட்டழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் "பயப்படாதே" என்கிறாள். அது கட்டளையா? மீறினால் தண்டனை உண்டா? "நான் இங்கேதானே இருக்கிறேன்" என்பதைத்தான் அவள் அப்படிச் சொல்கிறாள். ஏசாயா 41:10-இல் இரண்டும் ஒட்டியே இருக்கின்றன: "நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்." முன்பாதியை மட்டும் வெட்டியெடுத்து உங்கள் மேல் எறிந்திருக்கிறார்கள்.

"பயத்தின் ஆவி" எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். 2 தீமோத்தேயு 1:7. "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல், பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவியையே கொடுத்திருக்கிறார்." மூல கிரேக்கத்தில் அங்கே இருக்கிற சொல் தெய்லியா. பயத்துக்குப் புதிய ஏற்பாடு வழக்கமாகச் சொல்வது ஃபோபோஸ். தெய்லியா வேறு, அது கோழைத்தனம். செய்ய வேண்டியதைச் செய்யாமல் பின்வாங்குவது. அதை எழுதும்போது பவுல் அப்போஸ்தலர் சிறையில் இருக்கிறார். அவரைத் தெரியும் என்று சொல்லவே ஆட்கள் கூசுகிற நேரம். "என்னைக் குறித்து வெட்கப்படாதே, பின்வாங்காதே" என்று தீமோத்தேயு என்ற இளம் ஊழியனைத் தட்டிக்கொடுக்கிற வசனம் அது. கணவர் மூச்சு விடுகிறாரா என்று நடுராத்திரியில் கை வைத்துப் பார்க்கிற பெண்ணை விரட்டுவதற்காக எழுதப்பட்டதல்ல.

அதை எழுதிய கை வேறு என்னவெல்லாம் எழுதியிருக்கிறது தெரியுமா? "புறம்பே போராட்டங்களும், உள்ளே பயங்களும் இருந்தன." 2 கொரிந்தியர் 7:5. பயம் என்றுகூட இல்லை, பயங்கள். இந்த வசனத்தை அச்சடித்துச் சுவரில் மாட்டிய வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. கொரிந்துவுக்கு முதன்முதலில் வந்து நின்றபோதும் பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் இருந்தேன் என்று அவரே சொல்கிறார். சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லும்போது நாம் விழுங்கிவிடுகிற பகுதியை அவர் கடிதத்தில் போட்டு ஊர் ஊராக வாசிக்கவிட்டிருக்கிறார். ஆகவே அந்தப் பொய்யைப் பற்றி ரொம்ப வருந்தாதீர்கள். அப்படிக் கேட்டால் யாருக்குமே வேறு பதில் வராது.

இயேசு பிடிபடுமுன் ஜெபித்த கெத்செமனேயை நான் விளக்க வேண்டியதில்லை. "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்" என்று மாற்கு எழுதியிருக்கிறார். யாரைப் பற்றி எழுதியிருக்கிறார் என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இடையில் ஒன்று. ராத்திரிதோறும் ஒரே நேரத்தில் விழிப்பு, படபடப்பு, ஆறு மாதமாகத் தூக்கமில்லை என்றால் தயவுசெய்து ஒரு மருத்துவரைப் பாருங்கள். இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்தால் விசுவாசம், மனக்கலக்கத்துக்கு மாத்திரை எடுத்தால் அவிசுவாசம் என்பது என்ன நியாயம் என்று எனக்குப் புரிவதேயில்லை. பயமுள்ள ஆவி வேண்டாம் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய அதே பவுல், அவனுடைய வயிற்றுக்காகவும் அடிக்கடி வருகிற பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார் (1 தீமோத்தேயு 5:23). வயிற்றைக் கடிந்து ஜெபிக்கச் சொல்லவில்லை. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் விழுந்துகிடந்து "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டபோது வந்த தூதனும் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்து, சாப்பிடச் சொல்லி, மறுபடி தூங்கவிட்டான்.

பயமே இல்லாத விசுவாசிகள் உண்டா? உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1736 ஜனவரியில், பிற்பாடு மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி கப்பலில் அமெரிக்கா போய்க்கொண்டிருந்தார். புயலில் பிரதானப் பாய் கிழிந்து, கடல் தளத்தின் மேலேறி அடித்தபோது ஆங்கிலேயர்கள் அலறினார்கள். அதே கப்பலில் இருந்த மொராவியர் என்னும் ஜெர்மானிய விசுவாசிகள் சங்கீதம் பாடிக்கொண்டிருந்தார்கள். நிறுத்தவேயில்லை. உங்கள் பெண்களும் பிள்ளைகளும் பயப்படவில்லையா என்று பிறகு வெஸ்லி ஒருவரிடம் கேட்டார். எங்கள் பெண்களும் பிள்ளைகளும் சாவுக்குப் பயப்படுவதில்லை என்று பதில் வந்தது. வெஸ்லி அப்போது குருப்பட்டம் பெற்றவர், பிறருக்குப் பிரசங்கிக்கக் கடல் தாண்டிப் போகிறவர். ஆனால் சாவுக்கு அஞ்சினார், அதை மறைக்காமல் நாட்குறிப்பில் எழுதியும் வைத்தார். அந்த மொராவியர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, பொறாமையும் உண்டு. ஆனாலும் உங்கள் கடிதத்தை வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் வேறொருவர்.

1956 ஜனவரி 27, அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரம். பேருந்தில் கறுப்பர்களைப் பிரித்துவைப்பதை எதிர்த்து நடக்கிற பேருந்துப் புறக்கணிப்பு இரண்டாவது மாதத்தில் இருக்கிறது. அதை நடத்துகிற போதகர் மார்ட்டின் லூதர் கிங்குக்கு வயது 27. கைக்குழந்தைக்கு இன்னும் மூன்று மாதம்கூட ஆகவில்லை. இரவு வெகுநேரம் கழித்துத் தொலைபேசி அடித்தது. ஊரைவிட்டுப் போகாவிட்டால் வீட்டைத் தகர்ப்போம் என்று மிரட்டல். அப்புறம் அவருக்குத் தூக்கம் வரவில்லை. சமையலறைக்குப் போய் ஒரு கோப்பை காப்பி போட்டுக்கொண்டார். காப்பி முன்னால் இருக்கிறது, தொடவில்லை. கோழை என்று பெயர் வாங்காமல் இதிலிருந்து எப்படிக் கழன்றுகொள்வது என்று யோசித்தாராம். பின்னாளில் அவரே சொன்னது. பிறகு அந்த மேசையிலேயே தலை குனிந்து வாய்விட்டு ஜெபித்தார். நான் பயப்படுகிறேன், என் பெலன் தீர்ந்துவிட்டது, இனிமேல் தனியாக முடியாது என்பதுதான் ஜெபத்தின் சாரம். பயத்தைக் கட்டவில்லை, கடியவில்லை. பயப்படுகிறேன் என்று பேர் சொல்லி ஒப்புக்கொடுத்தார். அதுவரை உணராத விதத்தில் தேவன் பக்கத்தில் இருப்பதை அப்போது உணர்ந்ததாகச் சொல்கிறார்.

மிரட்டல் பொய்யாகவில்லை. மூன்று நாள் கழித்து வீட்டு முகப்பில் குண்டு வெடித்தது. மனைவியும் குழந்தையும் உள்ளே இருந்தார்கள், காயமில்லை. 1968-இல் அவரைச் சுட்டே கொன்றார்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் கணவருக்கு இனி ஒன்றும் ஆகாது என்று நான் எழுதினால் நானும் அந்த 365-காரர்களோடு சேர்ந்துவிடுவேன். அவருக்கு எதுவும் ஆகலாம். எனக்கும் ஆகலாம். நீங்கள் பயப்படுவது இல்லாத ஒன்றைப் பார்த்தல்ல.

என் பங்குக்கு ஒன்றும் சொல்கிறேன். பெரிய அனுபவமில்லை. இரண்டு வருடம் முன் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டியிருந்தது. உடம்பைக் குழாய்க்குள் தள்ளி, காதில் அடைப்பை வைத்து, கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார்கள். முடியவில்லை என்றால் அமுக்க வேண்டும். மூக்குக்கு நேர் மேலே வெள்ளைக் கூரை, தட்தட்தட் என்று சத்தம். 23-ஆம் சங்கீதத்தை மனசுக்குள் சொல்ல ஆரம்பித்தேன். "அவர் என்னைப் புல்லுள்ள இடங்களில் மேய்த்து", "அவர் என் ஆத்துமாவைத் தேற்றி" என்று போய், பள்ளத்தாக்கு வந்ததும் "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்றது. நாற்பது வருடமாகச் சொல்லிவந்த சங்கீதம். அன்றுதான் காதில் விழுந்தது. பச்சைப் புல்லிலும் அமர்ந்த தண்ணீரண்டையிலும் "அவர்". இருட்டுக்குள் போனதும் "தேவரீர்". அதுவரை அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவன் அவரோடு பேச ஆரம்பிக்கிறான். பந்தை அமுக்கவில்லை. ஆனால் வெளியே வந்தபோது உள்ளங்கையில் நகம் பதிந்த அடையாளம் நான்கு இருந்தது. பயம் போகவில்லை என்பதற்கு அதற்குமேல் அத்தாட்சி வேண்டாம்.

"நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்கிறது 56-ஆம் சங்கீதம். பயம் தீர்ந்தபிறகு வருகிற நாளில் என்றில்லை. நீங்கள் இரண்டு மணிக்கு வைக்கிற அந்தப் புறங்கை ஒருவகை ஜெபம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கையை எடுக்க வேண்டாம். வைத்தபடியே இரண்டு வார்த்தை சொல்லிப் பாருங்கள், அவ்வளவுதான்.

"உள்ளே பயங்கள்" என்ற அந்த வசனத்துக்கு அடுத்தது 6-ஆம் வசனம். அந்தப் பயங்களுக்கு நடுவே தேவன் தனக்கு எப்படி ஆறுதல் செய்தார் என்று பவுல் சொல்கிறார். தரிசனம் இல்லை, சத்தம் இல்லை. "தீத்து வந்ததினாலே." ஓர் ஆள் வந்து சேர்ந்தான்.

உங்கள் கடிதத்தில் ஜெபக்குழுவிடம் சொன்னதாக இருக்கிறது, எனக்கு எழுதியிருக்கிறீர்கள். கணவரிடம் சொன்னதாக ஓர் இடத்திலும் இல்லை. சாவை அவ்வளவு கிட்டத்தில் பார்த்துவிட்டு வந்தவர் அவர். அந்த நேரத்தில் அவரும் கண்ணை மூடிக்கொண்டு விழித்துத்தான் கிடக்கிறாரோ என்னவோ. கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்.