மாமனாருக்கு நிறக்குருடு இருந்தால் பேரப்பிள்ளைகளுக்கும் வருமா?

"என் மாமனாருக்குப் பிறவியிலிருந்தே சிவப்பும் பச்சையும் பிரித்தறிய வராது. எனக்கும் மனைவிக்கும் அந்தக் குறை இல்லை. எங்கள் மகனுக்கும் மகளுக்கும் வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மகனுக்கு வரச் சரிபாதி வாய்ப்பு உண்டு. மகளுக்கு வராது, ஆனால் அந்த மரபணுவைத் தன் பிள்ளைகளுக்குக் கடத்துபவளாக இருக்க அவளுக்கும் சரிபாதி வாய்ப்பு. எனக்கும் இதே குறை இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிவப்பு, பச்சை ஒளியை உணரும் கண் நிறமிகளுக்கான மரபணுக்கள், எக்ஸ் குரோமோசோம் என்னும் மரபணுத் தொகுப்பில் அடுத்தடுத்து இருக்கின்றன. நீலத்துக்கு உரியது ஏழாவது குரோமோசோமில் தனியாக இருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதுதான் வில்லங்கம். கருமுட்டை உருவாகும்போது ஒரு பெண்ணின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களும் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். அப்போது ஒன்றின் சிவப்பு மரபணு மற்றொன்றின் பச்சைக்கு நேராக வந்துவிட்டால், ஒரு பக்கம் ஒரு மரபணு குறைந்துபோகும், அல்லது இரண்டும் கலந்த ஒட்டு மரபணு உருவாகும். என்றோ யாரோ ஒரு பாட்டியிடம் நடந்த இந்தப் பிசகு, பிறகு தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது.

பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு; ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். உங்கள் மாமனாரிடம் இருப்பது ஒரே எக்ஸ், அதுவும் பழுதானது. ஆண் தன் எக்ஸை மகளுக்கு மட்டுமே கொடுப்பான். மகனுக்குப் போவது ஒய். ஆகவே உங்கள் மனைவியிடம் அந்தப் பழுது இருப்பது உறுதி. அவருடைய அம்மா தந்த நல்ல எக்ஸ் ஈடுகட்டுவதால் வெளியே தெரியவில்லை. இரண்டில் எது உங்கள் மகனுக்கு வந்ததோ, அதுதான் முடிவு. ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கும். மூத்தவனுக்கு வந்துவிட்டதால் இளையவன் தப்பிப்பான் என்பதெல்லாம் கிடையாது. மகனைப் பொறுத்தவரை உங்களுக்கு இதில் பங்கே இல்லை, நீங்கள் தந்தது ஒய்.

எங்கள் வீட்டில் நானும் என் தாய்மாமாவும் ஒரே கட்சி. பழுத்த மிளகாயை மட்டும் பறித்து வரச் சொன்னால், இருவரும் காயையும் சேர்த்தே கொண்டு வருவோம். எங்கள் இருவருக்கும் அது அம்மாயியிடமிருந்து வந்தது: அவருக்கு நேராக, எனக்கு அம்மா வழியாக.

பெண்களுக்கு இந்தக் குறை வர இரண்டு எக்ஸும் பழுதாக வேண்டும். அதனால் அரிது. ஆனால் நிறக்குருடு உள்ள தாய்மாமன், அதே மரபணுவைச் சுமக்கும் அக்காள் மகளை மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு பெண் குழந்தைக்கும் சரிபாதி வாய்ப்பு வந்துவிடும். சொந்தத்துக்குள் பெண் எடுக்கும் குடும்பங்கள் இதையும் கணக்கில் வைப்பது நல்லது.

இந்தக் குறையை 1794இல் விளக்க முயன்ற, அணுக் கொள்கையால் புகழ்பெற்ற ஆங்கில விஞ்ஞானி ஜான் டால்டனுக்கும் அவருடைய சகோதரருக்கும் இதே பார்வைதான். தன் விழிக்குள் இருக்கும் திரவம் நீல நிறமாக இருக்கலாம் என்று நினைத்த டால்டன், தான் இறந்த பிறகு கண்ணைச் சோதிக்கச் சொல்லியிருந்தார். 1844இல் சோதித்தார்கள், திரவம் தெளிவாகவே இருந்தது. பாதுகாத்து வைத்திருந்த கண்ணில் 1995இல் மரபணுச் சோதனை செய்தபோதுதான், பச்சைக்கு உரிய மரபணு அவரிடம் இல்லாதது தெரிந்தது. பாவம், அணுவைப் பற்றி அவ்வளவு சிந்தித்தவர்!

மகனைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றால், புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளைக் காட்டிச் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார். ரயில் ஓட்டுநர் வேலைக்கு நிறப்பார்வை கட்டாயம் என்பதால், பையனுக்கு அந்த ஆசை வேரூன்றும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. கார் ஓட்டுவதற்கு அவ்வளவு கெடுபிடி இல்லை. லேசான, நடுத்தரக் குறை உள்ளவர்களுக்கு உரிமம் தர 2020இல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. குறை இருப்பது உறுதியானால் வகுப்பாசிரியரிடமும் சொல்லிவிடுங்கள். பச்சைப் பலகையில் சிவப்புச் சாக்பீஸால் எழுதினால், எங்களைப் போன்றவர்கள் எழுத்தைத் தேட வேண்டியிருக்கும்.