நான்காவது பாட்டைத் தள்ளிவிடுகிறவர்

அன்புள்ள சார்,

ஓசூரில் ஒரு ஷீட் மெட்டல் யூனிட்டில் பவர் பிரஸ் ஓட்டுகிறேன். 2025 ஜூலையில் பிளாக் சப்பாத் குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் இறந்தபோது ரூமில் கூட இருப்பவர் ஒரு பாட்டு போட்டுக் காட்டினார். அதிலிருந்து ஹெவி மெட்டல் பிடித்துக்கொண்டது. பிளாக் சப்பாத்தின் 'த அல்டிமேட் கலெக்ஷன்' தொகுப்பைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். 31 பாட்டு. ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது அதுதான் துணை.

இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். "தொகுப்பைக் கேட்டுட்டு சப்பாத் கேட்டேன்னு வெளியே சொல்லிடாதே. கல்யாண வீட்டுக்குப் போய் பாயசத்தை மட்டும் குடிச்சிட்டு வர்ற மாதிரி அது" என்றார். அப்படியா சார்? தொகுப்பு கேட்பது மட்டமா?

இன்னும் இரண்டு சந்தேகம். ஆஸிக்குப் பிறகு சப்பாத்தில் பாடிய டியோவின் பாட்டு இதில் ஒன்றுகூட இல்லையே, ஏன்? அடுத்து, நான்காவது பாட்டு மட்டும் மழை, மணிச் சத்தம் என்று இழுத்துக்கொண்டே போகிறது, ஆரம்பிக்கவே மாட்டேன் என்கிறது. ஒவ்வொரு முறையும் தள்ளிவிடுகிறேன். நான் எதையாவது தவறவிடுகிறேனா?

எங்கள் யூனிட்டில் ஒரு அண்ணனுக்கு பிரஸ்ஸில் இரண்டு விரல் நுனி போய்விட்டது. இப்போது ஸ்டோரில் உட்கார வைத்திருக்கிறார்கள். சப்பாத்தின் கிடாரிஸ்ட் டோனி அயோமி பிரஸ்ஸில் விரல் நுனி இழந்த கதையை அவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "அவருக்கு கிடார் இருந்துச்சு" என்றார்.

ஆர்.

அன்புள்ள ஆர்,

உங்கள் நண்பர் பாயசத்தைக் குறைத்து எடை போடுகிறார். பாயசம் குடித்தவன் மறுமுறை பந்தியில் உட்காருவான்.

எனக்கு சப்பாத் வந்து சேர்ந்ததே தொகுப்பாகத்தான். கம்பெனி போட்ட தொகுப்புகூட இல்லை. கல்லூரி விடுதியில் ஒருவன் வைத்திருந்த 90 நிமிட கேசட், அவன் அண்ணன் பதிவு செய்து கொடுத்தது. ஏ பக்கம் தீரும் இடத்தில் 'வார் பிக்ஸ்' பாதியில் அறுந்து நிற்கும். டேப் அவ்வளவுதான். பல வருஷம் அந்தப் பாட்டு அங்கேதான் முடிகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு முழுப் பாட்டையும் கேட்டபோது மிச்சப் பகுதி யாரோ ஒட்டுப்போட்டது போல இருந்தது. இன்றைக்கும் அந்த இடம் வரும்போது காது ஒரு கணம் நின்றுதான் போகிறது.

பாட்டு எழுதிய சீட்டை ரெக்கார்டிங் கடையில் நீட்டி, இரண்டு நாள் கழித்து வரச் சொல்லி, நாலு நாள் அலைந்து கேசட் வாங்கிய தலைமுறை நாங்கள். தொகுப்பை மட்டம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஆனால் ஒன்று. அந்தச் சீட்டில் எந்தப் பாட்டை முதலில் எழுதுவது என்று அரைமணி நேரம் மண்டையை உடைத்துக்கொள்வோம். தப்பான பாட்டை முதலில் வைத்தால் அடுத்த பாட்டு செத்துவிடும். உங்கள் நான்காவது பாட்டு செத்தது அப்படித்தான். நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளில் இதுதான் பெரியது, எனவே முதலில் இது.

உங்கள் தொகுப்பு 'பாரனாய்ட்' பாட்டில் தொடங்குகிறது. அந்தப் பாட்டின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1970இல் இரண்டாவது ஆல்பம் பதிவாகும்போது தட்டில் சில நிமிடம் குறைகிறது. மற்ற மூவரும் வெளியே போய்வரும் நேரத்தில் அயோமி ஒரு ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிடார் துண்டு, பிடித்து வைக்கிறார். இடத்தை அடைக்கப் போட்ட பாட்டு. மூன்று நிமிடம்கூட இல்லை. பிரிட்டிஷ் சிங்கிள் பட்டியலில் 4ஆம் இடம் வரை போனது. 'வார் பிக்ஸ்' என்று பெயர் வைக்க நினைத்த ஆல்பத்துக்கு இந்தப் பாட்டின் பெயரே வந்தது. அட்டையில் கத்தியும் கேடயமுமாக ஓடுகிற அந்த ஆளுக்கும் 'பாரனாய்ட்' என்ற சொல்லுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாமல் போனது இதனால்தான்.

விற்கிறவன் கண்ணோட்டத்தில் அதை முதலில் வைப்பது சரி. எல்லாருக்கும் தெரிந்த பாட்டு. அடுத்து 'நெவர் சே டை', 1978. முதல் பாட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் எட்டு வருஷம் ஒரே தாவு. இரண்டுமே ஓடுகிற பாட்டு. மூன்றாவது 'அயர்ன் மேன்', மெதுவாக நடந்தாலும் முதல் வினாடியிலிருந்தே முட்டிக்கொண்டு நிற்கும். இந்த மூன்றையும் கேட்ட காதில் திடீரென்று மழை பெய்தால், பஸ்ஸில் இருக்கிறவன் தள்ளிவிடாமல் என்ன செய்வான்?

அந்தப் பாட்டின் பெயரும் 'பிளாக் சப்பாத்'தான். அந்த மழைதான் இசைக்குழுவின் முதல் ஆல்பத்தின் முதல் சத்தம். 1969 அக்டோபர் 16, லண்டன் ரீஜென்ட் சவுண்ட் ஸ்டுடியோ. பிர்மிங்காமின் ஆஸ்டன் பகுதியிலிருந்து வந்த நாலு பையன்கள். கசாப்புக்கூடத்திலும், கார் ஹாரன் சோதிக்கிற வேலையிலும் இருந்தவர் பாடகர். கணக்கு எழுதப் பழகிக்கொண்டிருந்தவர் பேஸ் வாசிப்பவர். மேடையில் வாசிப்பதையே ஒரே நாளில் வாசித்துப் பதிவு செய்துவிட்டுப் போய்விட்டார்கள். மழை, இடி, மணி எல்லாம் பிறகு சேர்த்தது. தயாரிப்பாளர் ராட்ஜர் பெயின். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, ஆல்பம் வெளியாகிறது. ஊசியை வைத்தால் அரை நிமிடத்துக்கு மேல் மழை. தூரத்தில் கோயில் மணி. பிறகு மூன்றே ஸ்வரம்.

நம் கணக்கில் சொல்கிறேன்: ச, மேல் ச, அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்திமம். ஐரோப்பியர் அந்த இடைவெளியை இசையில் இருக்கும் சாத்தான் என்று சொல்லிவைத்திருந்தார்கள். நமக்கு அதில் சாத்தானும் இல்லை பூதமும் இல்லை, கல்யாணியில் தினமும் வந்துபோகிற ஸ்வரம். ஆனால் கல்யாணியில் பக்கத்திலேயே பஞ்சமம் இருக்கிறது, போய்ச் சாய்ந்துகொள்ளலாம். அயோமி பஞ்சமத்தைக் கொடுப்பதில்லை. பிரதி மத்திமத்தில் கொண்டுபோய் நிறுத்தி, அங்கேயே நடுங்கவிட்டு, மறுபடி கீழே ச-வுக்கு வந்துவிடுகிறார். வீட்டுக் கதவு வரை கூட்டிப்போய்விட்டு உள்ளே விடாமல் திருப்பி அழைத்து வருவது மாதிரி. பேஸ் வாசித்த கீசர் பட்லர், ஹோல்ஸ்ட் என்ற ஆங்கில இசையமைப்பாளரின் 'மார்ஸ்' என்ற ஆர்க்கெஸ்ட்ரா இசை மேல் பித்தாக இருந்தவர், அதை வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்ததிலிருந்துதான் அயோமிக்கு இது பிடிபட்டது.

ஸ்வரம் மூன்றுதான். நடுவில் இருக்கிற இடைவெளி எவ்வளவு என்று கவனியுங்கள். அன்றைக்கு இங்கிலாந்தில் ப்ளூஸ் வாசித்த பையன்கள் எல்லாரும் எவ்வளவு வேகமாக வாசிக்க முடியும் என்று காட்டிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் அடுத்த ஸ்வரத்தைத் தராமல் வைத்திருந்தார்கள். அந்த இடைவெளியில் பில் வார்ட் டிரம்ஸை உருட்டுகிறார். கடைசி ஒன்றரை நிமிடம் பாட்டு திடீரென்று ஓட ஆரம்பிக்கும். அந்த ஓட்டத்துக்கு பலம் வருவது அதற்கு முந்தி நிறுத்தி வைத்த நாலரை நிமிடத்தால். மழையும் அந்த நிறுத்தி வைப்பில் சேர்த்திதான். 2013இல் வந்த கடைசி ஆல்பமான '13' அதே மழையிலும் மணியிலும் முடிகிறது. 43 வருஷம் கழித்து அவர்களே அந்த இடத்துக்குத் திரும்பிப் போயிருக்கிறார்கள். தொகுப்பில் நான்காவதாக வைத்தவருக்கு அது வெறும் 31இல் ஒன்று.

இதைவிட என்னைக் கடுப்பேற்றுவது ஒரு 28 வினாடி சமாசாரம். இரண்டாவது தட்டில் 'எம்ப்ரியோ' என்று ஒன்று இருக்கும். தனியாகக் கேட்டால், கிடாரை யாரோ சுதி சேர்க்கிறார் என்று நினைப்பீர்கள். அது 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் 'சில்ட்ரன் ஆஃப் த கிரேவ்' பாட்டுக்கு வாசற்படி. ஒன்று முடிய மற்றொன்று எழும்பும். உங்கள் தொகுப்பில் பாட்டு முதல் தட்டில், வாசற்படி இரண்டாவது தட்டில். இதைச் செய்தவர் அந்த ஆல்பத்தை ஒருமுறையாவது வரிசையாகக் கேட்டிருப்பாரா என்பது என் சந்தேகம்.

முந்தைய தொகுப்பு ஒன்று உண்டு. 'வி சோல்ட் அவர் சோல் ஃபார் ராக் அண்ட் ரோல்', இங்கிலாந்தில் 1975 கடைசியில் வந்த இரட்டை எல்பி. உள்ளே விரித்தால் சவப்பெட்டியில் சிலுவையோடு ஒரு பெண் படுத்திருப்பாள். பழைய மேலாளருடன் குழு வழக்கில் சிக்கிக் கிடந்த காலம். அது மழையில்தான் தொடங்குகிறது, அந்த விஷயத்தில் ஒழுங்கு. ஆனால் அந்த வருஷமே வந்த 'சபோட்டாஜ்' ஆல்பத்திலிருந்து ஒரே ஒரு பாட்டு எடுத்தார்கள், அதுவும் 'ஆம் ஐ கோயிங் இன்சேன்'. பின்னால் த்ராஷ் மெட்டல் என்ற அதிவேக மெட்டல் வாசிக்க வந்தவர்கள் பாடமாகவே படித்த 'சிம்ப்டம் ஆஃப் த யுனிவர்ஸ்' அதே ஆல்பத்தில்தான் இருந்தது. எடுக்கவில்லை. உங்கள் தொகுப்பில் அது இருக்கிறது, அதற்காக நாலு பாட்டை மன்னிக்கலாம்.

டியோ விஷயம் சுலபம். உங்கள் தொகுப்பு 1970 முதல் 1978 வரை வந்த எட்டு ஆல்பங்களோடு நின்றுவிடுகிறது. குழு போட்டது மொத்தம் 19. அத்தனையிலும் இருப்பவர் அயோமி ஒருவர்தான். தொகுப்பு வந்த 2016இல் ஆஸியை வைத்து 'த எண்ட்' என்ற விடைபெறும் சுற்றுப்பயணம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மேடையில் பாடிய குரல்தான் தட்டிலும் இருக்கிறது. வியாபாரமாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது, 'அல்டிமேட்' என்ற சொல்தான் கொஞ்சம் அதிகப்படி. டியோவுக்கு 2007இல் 'த டியோ இயர்ஸ்' என்று தனித் தொகுப்பு வந்தது. தொகுப்பு மட்டம் என்கிற உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்: அதில் சேர்ப்பதற்காக மூன்று புதுப் பாட்டு பதிவு செய்ய அயோமியும் டியோவும் பல வருஷம் கழித்து ஒன்றாக உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் எழுந்து போகவில்லை. 'ஹெவன் அண்ட் ஹெல்' என்று பெயர் வைத்துக்கொண்டு ஊர் ஊராக வாசித்தார்கள், 2009இல் முழு ஆல்பமே போட்டார்கள். அடுத்த வருஷம் டியோ போய்விட்டார். டோனி மார்ட்டின் பாடிய ஐந்து ஆல்பங்களின் நிலைமை இன்னும் மோசம். அதில் நான்கைச் சேர்த்து ஒரு பெட்டியாகப் போட 2024 ஆயிற்று. அதில் 'ஹெட்லெஸ் கிராஸ்' மட்டுமாவது கேளுங்கள்.

உங்கள் ஸ்டோர் அண்ணன்.

அயோமிக்கு அப்போது வயது 17. வெல்டிங் வேலை. ஆலையில் அன்றைக்குக் கடைசி நாள், இசைக்குழு ஒன்றோடு வெளியூர் கிளம்ப வேண்டியவர். பிரஸ்ஸில் இருக்க வேண்டிய ஆள் வரவில்லை என்று இவரை அங்கே நிறுத்தினார்கள். இடதுகைக்காரர், ஆகவே தந்தியை அழுத்துவது வலது கை. அதில் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போயின. ஆலையில் அவருக்கு மேலே இருந்த ஒருவர், தீயில் இரண்டு விரல் முடங்கிய ஜாஸ் கிடாரிஸ்ட் ஜாங்கோ ரெயின்ஹார்டின் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கவைத்தார். இவர் சோப்புத் திரவ பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய பாஞ்சோ தந்தி மாட்டி மறுபடி வாசித்தார்.

அந்த விபத்துதான் ஹெவி மெட்டலைப் பெற்றது என்று எழுதுவார்கள். விரல் வலிக்குத் தந்தியைத் தளர்த்தினார், அதனால்தான் அந்தக் கனம் என்பார்கள். தந்தியை மூன்று அரைச்சுரம் கீழே இறக்கியது மூன்றாவது ஆல்பத்தில்தான். முதல் ஆல்பம் வழக்கமான சுதி. அந்த மழைப் பாட்டின் கனம் தளர்ந்த தந்தியால் வந்ததில்லை, அவர்கள் யோசித்து வைத்தது. பிர்மிங்காமில் பிரஸ்ஸுக்கு விரல் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்களும் ஏதோ ஒரு ஸ்டோரில்தான் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால்தான் இறங்கும் பிரஸ் வேண்டும் என்பது அந்தக் கதையிலிருந்து எடுக்க வேண்டியது. உங்கள் யூனிட்டில் இப்போதாவது மாற்றினார்களா? அண்ணன் சொன்னதற்கு மேல் இதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

2025 ஜூலை 5 அன்று ஆஸ்டனில், வில்லா பார்க் மைதானத்தில், நாலு பேரும் 20 வருஷம் கழித்து ஒன்றாக மேடை ஏறினார்கள். ஆஸியால் நிற்க முடியவில்லை, சிம்மாசனத்தில் உட்கார்ந்து பாடினார். வாசித்தது நாலே பாட்டு: 'வார் பிக்ஸ்', 'என்.ஐ.பி.', 'அயர்ன் மேன்', 'பாரனாய்ட்'. நாலும் 1970. பதினேழு நாள் கழித்து அவர் இறந்தார். 19 ஆல்பத்திலிருந்து அவர்களே போட்ட தொகுப்பு அதுதான், ஒரே வருஷத்துப் பாட்டுகள். மழைப் பாட்டு அதிலும் இல்லை என்பது எனக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்.

உங்கள் போனில் ஒரு சீட்டு போடுங்கள். முதலில் நான்காவது பாட்டு. பிறகு இரண்டாவது தட்டிலிருந்து 'எம்ப்ரியோ', உடனே 'சில்ட்ரன் ஆஃப் த கிரேவ்'. அடுத்து 'இன்டு த வாய்ட்'. 'பாரனாய்ட்' கடைசியில் வரட்டும். பஸ்ஸில் வேண்டாம், ரூமுக்குப் போய்க் கேளுங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள், மழை எத்தனை வினாடி பெய்கிறது என்று எண்ணிப் பார்த்தும் சொல்லுங்கள்.