ஹோம் ரன் மட்டுமே அடிக்கும் பேட்டருக்கு ஃபேண்டஸி பேஸ்பாலில் எவ்வளவு விலை கொடுக்கலாம்?

கேட்டவர் அமெரிக்காவில் வேலை பார்க்கிறார். அலுவலக நண்பர்களோடு முதல் தடவையாக ஃபேண்டஸி பேஸ்பால் ஆடப் போகிறார். பன்னிரண்டு அணிகள், ஆளுக்கு 260 டாலர், ஏலம் அடுத்த வாரம். "ஆவரேஜ் .210, ஆனால் 40 ஹோம் ரன். இந்த மாதிரி ஆளை எடுக்கலாமா, வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறார்.

எடுக்கலாம். எத்தனை டாலருக்கு என்பதுதான் விஷயம். நான் டாலஸ் பக்கம் பதினோரு வருடமாக இப்படி ஒரு லீகில் ஆடுகிறேன். முதல் இரண்டு வருடமும் இந்த ஒரே இடத்தில்தான் சறுக்கினேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆட்டம் தெரியாமல் படிப்பவர்களுக்கு ஒரு வரி: 1980இல் டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் நியூயார்க்கில் ஆரம்பித்தது இது, அவர்கள் கூடிய உணவகத்தின் பெயரிலிருந்துதான் 'ரோட்டிஸரி' என்ற பெயரே வந்தது. நிஜ வீரர்களை ஏலத்தில் எடுக்கிறோம், சீசன் முழுக்க அவர்கள் அடிப்பது நம் கணக்கில் ஏறுகிறது. பேட்டிங்கில் இன்று வழக்கமாக ஐந்து பிரிவுகள்: ஆவரேஜ் (ஹிட்டை அட் பேட்டால், அதாவது பேட் பிடித்த தடவைகளால் வகுத்தது), ஹோம் ரன், ஆர்.பி.ஐ. (அவர் அடியால் அணிக்கு வந்த ரன்), ரன் (அவரே ஓடி எடுத்தது), ஸ்டீல் (ஹிட் இல்லாமலே ஓடி அடுத்த பேஸைத் திருடுவது). ஒவ்வொரு பிரிவிலும் முதலிடத்துக்கு 12 புள்ளி, கடைசி இடத்துக்கு 1.

இதை வைத்துப் பார்த்தால், "ஹோம் ரன் மட்டும்தான் அடிப்பார்" என்று நாம் சொல்வதே முழுக்கச் சரியில்லை. பந்து வேலியைத் தாண்டினால் ஒரு ஹோம் ரன், ஒரு ரன், குறைந்தது ஒரு ஆர்.பி.ஐ. மூன்று பிரிவுகளில் ஒரே அடியில் ஏறுகிறது. ஸ்டீல் மட்டும் செய்யும் ஆளுக்கு இந்த வசதி கிடையாது. அவர் இரண்டாவது பேஸைத் திருடினாலும் பின்னால் யாராவது ஹிட் அடித்தால்தான் ரன்.

இப்போது டெக்ஸஸ் ரேஞ்சர்ஸ் அணிக்கு ஆடிய ஜோயி கேலோ. இந்தக் கேள்விக்கு அவரை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஆர்லிங்டனின் பழைய மைதானத்துக்குக் கூரை கிடையாது. ஜூலை மாத டெக்ஸஸ் வெயிலில் உட்கார்ந்து அவர் ஆட்டத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் தடவை ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்), அடுத்த தடவை வாக் (நான்கு தப்பான பந்துக்கு இலவசமாக முதல் பேஸ், அட் பேட்டில் சேராது), திரும்ப ஸ்ட்ரைக்அவுட். பக்கத்து இருக்கைக்காரர் தண்ணீர் வாங்க எழுந்து போயிருப்பார். அப்போது ஒரு சத்தம் கேட்கும், மற்றவர்கள் அடிக்கும்போது கேட்காத சத்தம். தலையைத் தூக்குவதற்குள் பந்து வலது பக்க மேல்தளத்தில் கிடக்கும். ஒரு சிங்கிளை, அதாவது ஒரு பேஸ் மட்டும் கிடைக்கும் ஹிட்டைப் பார்ப்பதுதான் அரிது. 2017இல் அவர் 41 ஹோம் ரன் அடித்தார், சிங்கிள் வெறும் 32. வாழ்க்கைக் கணக்கில் நூறாவது சிங்கிளுக்கு முன்பே நூறாவது ஹோம் ரன்னைத் தொட்ட முதல் வீரர் அவர்தான்.

2018 கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள், எண்கள் வசதியாக இருக்கின்றன. 500 அட் பேட், 103 ஹிட், ஆவரேஜ் .206. ஹோம் ரன் 40, ஆர்.பி.ஐ. 92, ரன் 82, ஸ்டீல் 3.

உங்கள் அணியில் 14 பேட்டர்கள், ஆளுக்குச் சுமார் 500 அட் பேட் என்று வைத்தால் மொத்தம் 7,000. எல்லோரும் .260 அடித்தால் 1,820 ஹிட். அதில் ஒருவரை எடுத்துவிட்டு கேலோவைப் போட்டால் 27 ஹிட் குறையும். அணியின் ஆவரேஜ் .260இலிருந்து .256 ஆகும். நான்கு புள்ளிதானே என்று தோன்றும் (ஆவரேஜில் ஒரு புள்ளி என்றால் .001, லீக் பட்டியல் புள்ளி அல்ல). ஆவரேஜ் பட்டியலின் நடுப்பகுதி சனிக்கிழமை ரங்கநாதன் தெரு மாதிரி, அத்தனை நெரிசல். எங்கள் லீகில் ஒன்றரைப் புள்ளிக்கு ஒரு இடம் என்று வரும். நான்கு புள்ளி என்றால் இரண்டு, இரண்டரை இடம் போகும்.

வரவு என்ன? 20 ஹோம் ரன் அடிக்கும் சாதாரண ஆளோடு ஒப்பிட்டால் 20 கூடுதல். எங்கள் லீகில் ஹோம் ரன் பட்டியலில் ஒரு இடம் ஏறச் சுமார் எட்டு தேவைப்படும், ஆக இரண்டரை இடம். ஆர்.பி.ஐ.யில் ஒரு இடம், ரன்னில் அரை. ஸ்டீலில் அரை இடம் இழக்கிறீர்கள். கூட்டிக் கழித்தால் மிச்சம் சுமார் ஒரே ஒரு இடம்.

நான் சொல்ல வந்தது இதுதான். 40 ஹோம் ரன் என்ற எண் கண்ணைப் பறிக்கிறது, .206 என்ற எண் பயமுறுத்துகிறது, இரண்டையும் ஒரே தராசில் போட்டால் சாதாரண ஆளை விடக் கொஞ்சம் மேல். அவ்வளவுதான் அவர் மதிப்பு. நட்சத்திர விலை கொடுக்கக் கூடாது, சும்மா விட்டுக்கொடுக்கவும் கூடாது.

எங்கள் ஏலம் மார்ச் கடைசிச் சனிக்கிழமை, அலுவலக மீட்டிங் அறையில் நடக்கும். இப்படி ஒருவர் பெயர் வந்ததும் 12, 15, 17 என்று விலை மடமடவென்று ஏறும். யாராவது ஒருவர் "ஆவரேஜைப் பார்த்தீர்களா?" என்பார். அறை சட்டென்று அமைதியாகிவிடும். அந்த அமைதி ஏலத்தின் தொடக்கத்தில் வந்தால் 17 டாலரில் ஒருவர் மாட்டிக்கொண்டிருப்பார். கடைசி ஒரு மணி நேரத்தில் வந்தால் அதே மாதிரி ஆள் 6 டாலருக்குக் கிடைப்பார். அதனால் நான் இவர்களை முதல் பாதியில் தொடுவதே இல்லை.

என் இரண்டாவது வருடத்தில் இப்படிப்பட்ட மூன்று பேரை ஒரே அணியில் எடுத்தேன். பெயர்கள் வேண்டாம், தப்பு என்னுடையதுதான். ஹோம் ரன்னில் முதலிடம், ஆவரேஜிலும் ஸ்டீலிலும் கடைசி. ஹோம் ரன்னில் இரண்டாமிடத்தை விட முப்பதுக்கு மேல் அதிகமாக இருந்தது என் அணி. அந்த முப்பதுக்கும் ஒரு புள்ளி கூடக் கிடையாது! முதலிடத்துக்கு 12தான், எவ்வளவு தூரம் முந்தினாலும் 12தான். ஒரு அணிக்கு ஒருவர் போதும், அதிகபட்சம் இரண்டு.

அந்த ஒருவரைத் தாங்கிப் பிடிக்க எதிர்ப்பக்கத்தில் ஒருவர் வேண்டும். 2023இல் பிலடெல்ஃபியாவின் கைல் ஸ்வார்பர் 585 அட் பேட்டில் 115 ஹிட், ஆவரேஜ் .197, ஹோம் ரன் 47. அதே வருடம் மயாமியின் லூயிஸ் அராயஸ் 574 அட் பேட்டில் 203 ஹிட், ஆவரேஜ் .354, ஹோம் ரன் 10. இருவரையும் சேர்த்தால் 1,159க்கு 318, அதாவது .274. இரண்டு இடத்தில் 57 ஹோம் ரன், .274 ஆவரேஜ். தனித்தனியாகப் பார்த்தால் இருவருமே அரைகுறை. ஜோடியாகப் பார்த்தால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஸ்வார்பர் அந்த வருடம் பெரும்பாலும் முதல் ஆளாக இறங்கினார் என்பதையும் பாருங்கள்: 108 ரன், 104 ஆர்.பி.ஐ. பேட்டிங் வரிசையில் மேலே நிற்கும் .197க்கும் ஏழாவதாக இறங்கும் .197க்கும் விலையில் பெரிய வித்தியாசம் வைக்க வேண்டும்.

லீக் விதியை ஒரு தடவை நன்றாகப் படியுங்கள். ஆவரேஜுக்குப் பதிலாக ஆன் பேஸ் சதவீதம் (வாக்கையும் சேர்த்து எத்தனை தடவை பேஸை அடைந்தார் என்ற கணக்கு) வைத்திருக்கும் லீகுகள் உண்டு. அங்கே கதையே வேறு. கேலோ 2021இல் .199 அடித்தார், ஆனால் 111 வாக் வாங்கியதால் ஆன் பேஸ் .351. ஸ்வார்பரின் அந்த .197 வருடத்திலும் ஆன் பேஸ் .343. ஆவரேஜ் லீகில் பாரமாக இருப்பவர் அங்கே இரண்டு கையாலும் கொடுப்பவர். மாறாக, ஸ்ட்ரைக்அவுட்டுக்குப் புள்ளி கழிக்கும் லீகாக இருந்தால், வருடத்துக்கு 200 தடவை வெறுங்கையோடு திரும்புபவரை நான் கிட்டவே சேர்க்க மாட்டேன்.

இன்னொன்று, எத்தனை ஆவரேஜ் 'மோசம்' என்ற அளவுகோல் மாறிவிட்டது. 1999இல் மேஜர் லீகின் (நிஜ ஆட்டத்தின் உச்ச லீக்) மொத்த ஆவரேஜே .271. 2018இல் .248. 2022இல் .243. பழைய ஆட்கள் பலர் இன்னும் .270ஐ மனதில் வைத்துக்கொண்டு .245ஐப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். கிறிஸ் டேவிஸ் 2015 முதல் 2018 வரை தொடர்ந்து நான்கு வருடமும் சரியாக .247 அடித்தார். 2018இல் ஓக்லண்டுக்காக 48 ஹோம் ரன், மொத்த மேஜர் லீகிலும் அதுதான் அதிகம், 123 ஆர்.பி.ஐ. அந்த .247 மேஜர் லீக் சராசரிக்கு ஒரு புள்ளிதான் குறைவு. அவரையும் .206 ஆட்களோடு ஒரே கூடையில் போட்டவர்கள் நல்ல சரக்கை விட்டுவிட்டார்கள். .240க்கு மேல் போகக்கூடியவரையும் .210இல் கிடப்பவரையும் பிரித்துப் பாருங்கள், பணம் அந்த முப்பது புள்ளியில்தான் இருக்கிறது.

ஹோம் ரன்னின் மதிப்பும் நிலையானது இல்லை. 2014இல் மொத்தம் 4,186 ஹோம் ரன்தான், 30ஐத் தொட்டவர்கள் 11 பேர். ஹியூஸ்டனின் கிறிஸ் கார்ட்டர் அந்த வருடம் .227 அடித்தாலும் 37 ஹோம் ரன் வைத்திருந்தது பெரிய சொத்து. 2019இல் மொத்தம் 6,776, 30ஐத் தொட்டவர்கள் 58 பேர். அந்த வருடம் 30 ஹோம் ரன் அடிப்பவர் தெருவுக்குத் தெரு கிடைத்தார். அவருக்காக ஆவரேஜைப் பலி கொடுத்தவர்கள் எதையும் வாங்கவில்லை. ஏப்ரல், மே மாதங்களில் பந்து எப்படிப் பறக்கிறது என்று கவனிப்பது இதற்காகத்தான்.

கார்ட்டர் பெயரைச் சொன்னதால் அவர் கதையையும் சொல்லிவிடுகிறேன், விலை பேசும்போது எல்லோரும் மறக்கும் அபாயம் அதில் இருக்கிறது. 2016இல் மில்வாக்கிக்காக 41 ஹோம் ரன் அடித்து மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். சீசன் முடிந்ததும் அந்த அணி அவருக்கு ஒப்பந்தமே கொடுக்கவில்லை. யாங்கீஸ் 35 லட்சம் டாலருக்கு எடுத்தது, அடுத்த ஜூலைக்குள் அங்கிருந்தும் போய்விட்டார். வேகமும் ஃபீல்டிங்கும் இல்லாதவருக்குப் பேட் மட்டும்தான் பிழைப்பு. ஒரு மாதம் அது ஓய்ந்தால் பெஞ்சு. பெஞ்சில் இருப்பவர் ஹோம் ரன் அடிக்க முடியாது.

ஆடம் டன் இன்னும் பெரிய பாடம். 2004 முதல் 2010 வரை ஏழு வருடத்தில் ஒரு வருடம் கூட 38க்குக் கீழே போகவில்லை. நடுவில் நான்கு வருடம் சரியாக 40. கடிகாரம் மாதிரி. 2011இல் .159, 11 ஹோம் ரன். இவ்வளவு ஸ்ட்ரைக்அவுட் ஆகும் ஆட்களுக்குக் கீழே விழ இடம் அதிகம், அதனால் கணக்கில் வந்த விலையிலிருந்து நான் இரண்டு மூன்று டாலர் குறைத்தே கேட்பேன். 2022இலிருந்து நேஷனல் லீகுக்கும் டி.எச். (ஃபீல்டிங் இல்லாமல் பேட் மட்டும் பிடிக்கும் இடம்) வந்துவிட்டதால் இவர்களுக்கு வேலை கிடைப்பது கொஞ்சம் எளிதாகியிருக்கிறது. ஆனால் டி.எச். தகுதி மட்டும் உள்ளவர் எந்தப் பேட்டரையும் போடக்கூடிய உங்கள் யுடிலிட்டி இடத்தை அடைத்துக்கொள்வார். கேட்சராக (கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் மாதிரி) இருந்தால் நேர் எதிர்: அந்த இடத்தில் யாருமே பெரிதாக அடிப்பதில்லை என்பதால் ஆவரேஜ் இழப்பு பாதியாகிவிடும். சியாட்டிலின் கேல் ராலி 2025இல் 60 ஹோம் ரன், .247. இதையே ஒரு முதல் பேஸ்காரர் செய்தாலும் பெரிய விஷயம்தான், கேட்சர் செய்யும்போது லீகையே தூக்கிக் கொடுத்துவிடும்.

அப்புறம் ஒரு விஷயம், இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது லீகில் இருக்கும் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். இவர்களை வாங்கச் சிறந்த நாள் ஏல நாள் அல்ல, ஆகஸ்ட் முதல் வாரம். அதற்குள் உங்கள் அணி 4,500 அட் பேட்டுக்கு மேல் ஆடி முடித்திருக்கும், ஆவரேஜ் கிட்டத்தட்ட உறைந்துவிட்டது. .200 அடிப்பவர் மிச்ச நாளில் 180 அட் பேட் ஆடினாலும் .260 ஆளை விட 11 ஹிட்தான் குறையும், 7,000இல் அது ஒன்றரைப் புள்ளி. ஹோம் ரன் அப்படி உறைவதில்லை, கடைசி நாள் வரை ஒன்று அடித்தால் ஒன்று ஏறும். மார்ச்சில் 27 ஹிட் விலை சொன்ன அதே ஆள் ஆகஸ்டில் 11 ஹிட்டுக்கு வருகிறார், அவரை ஏலத்தில் எடுத்து, ஆவரேஜைப் பார்த்து நொந்துபோன லீக் நண்பர் தள்ளிவிடவும் தயாராக இருப்பார். நான் பட்டம் வாங்கிய ஒரே வருடத்தில் இப்படித்தான் இரண்டு பேரை எடுத்தேன்.

உங்கள் ஏலத்துக்கு வருவோம். லீக் நடத்துபவரிடம் போன வருடக் கடைசிப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். ஹோம் ரன்னிலும் ஆவரேஜிலும் மூன்றாவது இடத்துக்கும் பத்தாவது இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து ஏழால் வகுத்தால் ஒரு இடத்துக்கு எத்தனை என்று வந்துவிடும். மேலே நான் போட்டது எங்கள் லீக் கணக்கு, உங்களுடையது வேறாக இருக்கும். அந்த இரண்டு எண்ணையும், உங்கள் கண்ணில் இருக்கும் பேட்டரின் பெயரையும் கமென்ட்டில் போடுங்கள். வியாழக்கிழமைக்குள் போட்டால் உட்கார்ந்து டாலர் கணக்குப் போட்டுத் தருகிறேன்.