கடலில் இருந்தபடி கணினித் தடயவியல்: எங்கே தொடங்குவது?

கேள்வி: எனக்கு ஊர் பொகவந்தலாவை. சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் ஒயிலராக வேலை. கணினியிலிருந்து சான்று தேடி எடுக்கும் கணினித் தடயவியலும், கணினிப் பாதுகாப்பும் சொந்தமாகப் படிக்க ஆசை. நடுக்கடலில் இன்டர்நெட் வட்ஸ்அப்புக்கே போதாது. கப்பல் நெட்வொர்க்கிலேயே பழகிப் பார்க்கலாமா அண்ணா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன் தம்பி. வேண்டாம். நெட்வொர்க்கில் என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்று தேட நீங்கள் ஓடவிடும் ஸ்கேன் ஒன்றையே தாங்காமல் நின்றுபோகும் பழைய கட்டுப்பாட்டுக் கருவிகள் உண்டு. எஞ்சின் அறையில் அப்படி ஒன்று நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அனுமதியின்றி ஒரு கணினிக்குள் நுழைவது நம் நாட்டின் 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றமும்கூட.

இரண்டில் தடயவியலை முதலில் எடுங்கள். பாதுகாப்புப் பயிற்சிகளில் பலவற்றுக்கு இணைப்பு வேண்டும். தடயவியலில் சான்று என்பது ஒரு கோப்பு. அது ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் எந்தக் கடலிலும் படிக்கலாம்.

லீவில் வரும்போது, ஹட்டனிலோ கொழும்பிலோ நல்ல இணைப்பு உள்ள இடத்தில் இவற்றை இறக்கிக்கொள்ளுங்கள்: ஓடொப்சி (வட்டுப் பிரதியை ஆராய), எஃப்டிகே இமேஜர் (வட்டை அப்படியே பிரதி எடுக்க), எச்எக்ஸ்டி (கோப்பை பைட் பைட்டாகப் பார்க்க), வயர்ஷார்க் (நெட்வொர்க் போக்குவரத்தைப் பார்க்க). நான்கும் இலவசம். நினைவகத்தை ஆராயும் வொலட்டிலிட்டி 3ஐயும் எடுப்பதானால் விண்டோஸ் நினைவகத்தில் எது எங்கே இருக்கிறது என்று அதற்குச் சொல்லும் சிம்பல் தொகுப்பை மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் கருவி இணையத்தில் தேடும். கடலில் வேலை நின்றுவிடும். பயிற்சிக்கு, அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் இலவசமாகத் தரும் ‘ஹேக்கிங் கேஸ்’ வட்டுப் பிரதி போதும். 2004இல் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு டெல் மடிகணினியின் கதை அது. கேள்விகளும் கூடவே வரும்.

ஆனால் அதைத் திறப்பதற்கு முன் சொந்தமாக ஒரு வழக்கை உருவாக்குங்கள். சிறிய பென் டிரைவ் ஒன்றை ஃபாட்32 என்ற கோப்பு முறைமையில் ஃபோமட் செய்யுங்கள். குயிக் ஃபோமட் வேண்டாம், பழைய தரவு மிச்சமிருந்து குழப்பும். சில படங்களைப் போட்டு, ஒன்றை அழியுங்கள். எஃப்டிகே இமேஜரில் பிரதி எடுத்து, அது தரும் ஹாஷ் எண்ணை (பிரதி மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்றது) குறித்துவிட்டு, பிரதியை எச்எக்ஸ்டியில் திறங்கள். குறுகிய பெயருள்ள ஒவ்வொரு கோப்புக்கும், அதன் பெயரையும் அளவையும் சொல்லும் 32 பைட் பதிவு ஒன்று இருக்கும். அழித்த கோப்பின் பதிவில் முதல் பைட் ஈ5 (எச்எக்ஸ்டி பைட்டுகளைக் காட்டும் பதினாறடிமான எண்) என்று மாறியிருக்கும். பெயரின் மற்ற எழுத்துகள் அப்படியே நிற்கும். பூச்சியத்திலிருந்து எண்ணினால் 28ஆவது பைட்டிலிருந்து நான்கு பைட், கோப்பின் அளவு. இனி எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்று தேடுங்கள். ஜேபெக் படம் தொடங்கும் இடம் அது. அங்கிருந்து அந்த அளவுக்கு வெட்டிச் சேமித்தால், துண்டு துண்டாகச் சிதறாத படம் மீண்டும் திறக்கும். இதைக் கையால் ஒருமுறை செய்தவருக்கு ஓடொப்சி எதை எங்கிருந்து எடுத்துக் காட்டுகிறது என்பது புரியும். பொத்தானை மட்டும் அழுத்திப் பழகியவர் நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்குத் தடுமாறுவார்.

உங்களுக்கென்றே அமைந்த பாடம் ஒன்றும் இருக்கிறது. ஃபாட்32 கோப்பின் நேரத்தைக் கணினி காட்டும் உள்ளூர் நேரத்தில் எழுதும். விண்டோஸின் மற்றொரு கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் உலகப் பொது நேரத்தில் எழுதும். கப்பலில் கடிகாரத்தை ஒரு மணி முன்னும் பின்னும் தள்ளும் நாட்களில் இரண்டு வட்டுகளிலும் கோப்புகளைச் சேமித்து, பிறகு காலவரிசை போட்டுப் பாருங்கள். கரையில் படிப்பவர்கள் புத்தகத்தில் மட்டும் பார்க்கும் சிக்கல் உங்கள் மேசையிலேயே கிடைக்கும்.

ஒவ்வொரு பயிற்சிக்கும் இரண்டு பக்க அறிக்கை எழுதுங்கள். கண்டது வேறு, ஊகித்தது வேறு. இரண்டையும் ஒரே பந்தியில் கலக்காதீர்கள். வேலை தேடும்போது காட்ட உங்களிடம் இருக்கப்போவது இந்த அறிக்கைகள்தான். சான்றிதழ்த் தேர்வுக்குப் பணம் கட்டுவது அதற்குப் பிறகு.

தூக்கத்தைக் குறைத்துப் படிக்க வேண்டாம். எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி ஓய்வு என்பது கடல்தொழிலாளர் உடன்படிக்கை தந்த உரிமை. படிப்பு, மிஞ்சும் நேரத்தில்தான்.

பாதுகாப்பு பக்கத்துக்கும் கப்பலிலேயே ஒரு கதவு திறந்திருக்கிறது. சர்வதேச கடல்சார் அமைப்பின் 2017ஆம் ஆண்டுத் தீர்மானத்தின்படி, 2021 முதல் கப்பல் நிறுவனங்கள் தங்கள் பாதுகாப்பு முகாமைத்துவத்தில் இணைய ஆபத்துகளையும் கையாள வேண்டும். அந்தப் பகுதியை வாசிக்கத் தரும்படி சீஃப் ஒஃபிசரிடம் கேளுங்கள். யூஎஸ்பி எங்கே செருகலாம், எங்கே கூடாது என்பதில் தொடங்கி நிறைய இருக்கும். எஞ்சின் அறையையும் கணினியையும் சேர்த்து அறிந்த ஆட்கள் இந்தத் துறையில் குறைவு, தம்பி.