மருவுக்கு வைட்டமின் டி: மாத்திரை வேறு, ஊசி வேறு

கேள்வி: வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து பீடி சுற்றும் வேலை எனக்கு. இரண்டு வருடமாக உள்ளங்காலில் நான்கு மருக்கள். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 13 என்று வந்ததால் வாரம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதிலேயே மருவும் உதிருமா? மருவுக்குள்ளேயே வைட்டமின் டி ஊசி போடலாம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார், உண்மையா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: 20-க்குக் கீழே இருந்தால் குறைபாடுதான். மாத்திரையை விடாதீர்கள். ஆனால் அது எலும்புக்கும் தசைக்கும். மரு உதிரும் என்று அதை நம்பி இருக்க வேண்டாம். வழக்கமாக 60,000 யூனிட், வாரம் ஒன்று, 8 வாரம். வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டுக்குப் பின் போடுங்கள். கொழுப்போடு சேர்ந்தால்தான் நன்றாக உடம்பில் சேரும். சீக்கிரம் குணமாகட்டும் என்று தினம் ஒன்று போட்டுக்கொள்பவர்கள் உண்டு. ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, தீராத தாகம், மலச்சிக்கல் என்று தொடங்கி சிறுநீரகம் வரை கெடும்.

அக்கா சொன்னதும் உண்மைதான். மருவை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸ் தோலின் மேலடுக்கிலேயே ஒதுங்கிக் கிடக்கும், ரத்தத்தில் கலக்காது. அதனால் உடம்பின் எதிர்ப்பு சக்தி அதைக் கண்டுகொள்வதில்லை. மருவின் அடியில் மருந்து இறங்கும்போது அங்கே எதிர்ப்பு தூண்டப்படுகிறது, தோல் செல்கள் பெருகுவதும் மட்டுப்படுகிறது. ஊசி போடாத மருவும் சிலருக்குக் கூடவே மறைகிறது.

முதலில் மரத்துப்போக லிக்னோகெய்ன், பிறகு ஒரு மருவுக்கு சுமார் 0.2 மி.லி. மருந்து. 3, 4 வாரத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் நான்கு முறை வரை. இரண்டொரு நாள் வீங்கி வலிக்கும். இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். அந்த மருந்தில் 1 மி.லி.க்கு 6 லட்சம் யூனிட். நான்கு மருவுக்கும் ஒரே நாளில் போட்டால் 4.8 லட்சம்! வாரமாத்திரை சாப்பிடுவதைத் தோல் மருத்துவரிடம் சொல்லாமல் ஊசிக்குக் கை... இல்லை, காலை நீட்டாதீர்கள். சிறுநீரகக் கல் இருந்தாலும், கர்ப்பம் என்றாலும் முதலிலேயே சொல்லுங்கள்.

அதற்கு முன், அது மருதானா, கால் ஆணியா என்று பார்த்துவிடுங்கள். மருவில் தோல் ரேகை அறுந்திருக்கும், கரும்புள்ளிகள் தெரியும், இரு பக்கமும் கிள்ளினால் வலிக்கும். ஆணி நேராக அழுத்தினால் வலிக்கும். இரண்டையுமே பிளேடால் செதுக்கக் கூடாது. சுண்ணாம்பு வைத்தால் புண்தான் மிஞ்சும். சர்க்கரை நோய் இல்லாதவர்கள் 17 சதவீத சாலிசிலிக் அமிலத்தை முயலலாம். இரவில் 5 நிமிடம் வெந்நீரில் ஊறவைத்து, தேய்த்து, சுற்றிலும் வாஸ்லின் பூசி, மருவின் மேல் மட்டும் ஒரு சொட்டு. 12 வாரம் வரை பொறுமை வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்கு இடுப்பில் அக்கி. வைட்டமின் டி கொடுக்கலாமா?
- வாசகர், காட்பாடி

பதில்: அக்கிக்கு அது மருந்தல்ல. கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்க வேண்டும். காவியால் அக்கி எழுதிவிட்டுக் காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும். இன்றே அழைத்துப் போங்கள்.